பேச முடியாதவரின் உத்தரவு

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ நலமா? குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொள்கிறாயா, இல்லை புத்தகத்தையே போர்த்திக்கொண்டு தூங்குகிறாயா? இங்கே நாங்கள் நலம். உன் மச்சான் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார், வர மாதக் கடைசி ஆகும்.

அத்தாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. மருத்துவர் பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார். பள்ளிவாசலுக்கும் போகவில்லை. முப்பது வருடமாக ஜமாஅத் தலைவராக இருந்தவர் ஒரு வெள்ளிக்கிழமை வராமல் போனாலே ஊர் விசாரிக்கும். இப்போது தினமும் யாராவது வந்து எட்டிப் பார்க்கிறார்கள். ஜமாஅத் செயலாளர் காலையிலும் வருகிறார், மாலையிலும் வருகிறார். குறை சொல்லக் கூடாது, வெறும் கையோடு வருவதில்லை. ஆனால் அவர் கண் அத்தா மேல் இருப்பதைவிட அத்தாவின் நாற்காலி மேல் இருக்கிறதோ என்று எனக்கு ஒரு எண்ணம். உன் விலாசம் கேட்டார், கொடுத்தேன்.

கண்ணாடிக் கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கண் பரிசோதிப்பது, லென்ஸ் அரைப்பது, பிரேம் மாட்டுவது எல்லாம் பழகிவிட்டது. அத்தா பக்கத்தில் நின்று "அச்சு கோணலா இருக்கு பாரு" என்று சொல்லாததுதான் ஒரு மாதிரி இருக்கிறது.

ஒரு சந்தேகம். நீ கலீஃபாக்களின் ஆட்சியைப் பற்றித்தானே புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறாய்? ஒரு கலீஃபாவுக்குப் பேச்சு போய்விட்டால் அவர் கலீஃபாதானா? கடையில் ஒருவர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

துஆவில் எங்களை மறக்காதே.
அக்கா


பிப்ரவரி 26

அன்பு அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். நான் நலம். ஜலதோஷத்தை இந்த ஊரில் நோய்க்கணக்கில் சேர்ப்பதில்லை. அறை ஒரு சலவைக்கடைக்கு மேல் இருக்கிறது. நாள் முழுக்கக் கீழேயிருந்து சூடும் சோப்பு வாசமும் ஏறி வருவதால் தாள்கள் சுருள்கின்றன. கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு வந்து எழுத உட்கார்ந்தால் இரண்டு பக்கம் எழுதி மூன்று பக்கம் அடிக்கிறேன். பதிப்பாளர் பொறுமையிழந்துவிட்டார்.

உங்கள் கடைக்கு இப்படிக் கேள்வி கேட்கும் ஆட்கள் வருகிறார்கள் என்றால் நான் இங்கே வகுப்பெடுப்பது வீண். சட்ட அறிஞர்கள் இதைத் தலையைப் பிய்த்துக்கொண்டு விவாதித்திருக்கிறார்கள். கலீஃபாவாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறவருக்கு நீதி, கல்வி, துணிவு இவற்றோடு காது, கண், நாக்கு மூன்றும் நன்றாக இருக்க வேண்டும் என்றார்கள். பதவிக்கு வந்தபின் பேச்சு போனால்? அங்கே மூன்று கட்சி. பதவி போய்விடும் என்பது ஒன்று. போகாது, பேச்சுக்குப் பதில் சைகை போதும் என்பது இன்னொன்று. மூன்றாவது கட்சிதான் கெட்டிக்காரக் கட்சி. அவருக்கு எழுத வந்தால் இருக்கட்டும், வராவிட்டால் போகட்டும். ஏனென்றால் எழுத்து தெளிவானது, சைகையை யாரும் எப்படியும் புரிந்துகொள்ளலாம் என்றார்கள்.

எனக்கென்னவோ இரண்டாவது கட்சியைப் பிடிக்கும், இரக்கமுள்ள கட்சி. கேட்டவரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள்.

அத்தாவிடம் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னவர் யார்? அந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும். அம்மா இருந்த காலத்தில் அவராலேயே முடியாத காரியம்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே வெயில் தொடங்கிவிட்டது. அத்தா அப்படியேதான் இருக்கிறார்.

உன் கடிதம் நல்ல சமயத்தில் வந்தது. இரண்டாவது கட்சி என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நம் தெருமுனையில் எம்ப்ராய்டரி போடும் பெண் ஒருத்தி இருக்கிறாளே, உனக்கு நினைவிருக்கும். அவள் கணவன் வேலைக்கென்று கடல் தாண்டிப் போய் ஆறு வருடம் ஆகிறது. ஒரு தகவல் இல்லை. உயிரோடு இருக்கிறானா என்பதும் தெரியாது. நிகாஹை ரத்துசெய்து தரும்படி மூன்று வருடமாக ஜமாஅத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறாள். போனவன் செயலாளருக்கு அண்ணன் மகன். "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே அவர் இழுத்துவிட்டார். இமாமுக்கு ரத்துசெய்ய மனம் இருக்கிறது, தலைவர் சம்மதிக்காமல் செய்யத் தைரியம் இல்லை.

போன வாரம் நிர்வாகிகள் எல்லோரும் நம் வீட்டுக்கே வந்தார்கள். அத்தாவை நாற்காலியில் உட்காரவைத்து, தோளைச் சுற்றிச் சால்வை போர்த்தியிருந்தேன். அவர் என் கையைப் பிடித்திருந்தார். அவர் எண்ணத்தை நான் எடுத்துச் சொன்னேன். ரத்துசெய்யலாம் என்று முடிவாயிற்று. இமாம் சாட்சிகளை விசாரித்துவிட்டு அன்று மாலையே சொல்லிவிட்டார். அந்தப் பெண் வாசலில் நின்று அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வீட்டுக்குப் போய் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

இன்னொரு கேள்வி. கலீஃபா ஒருவர் இருக்க, அவர் பெயரில் வேறொருவர் ஆட்சி நடத்தினால் அதற்கு என்ன சொன்னார்கள்? சீக்கிரம் எழுது.

செயலாளர் உனக்கு எழுதினாரா?

அக்கா


ஏப்ரல் 10

அன்பு அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். நலமே. நீங்களும் அத்தாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

கேள்வி கேட்பவர் என் புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டாரா? நான் மாட்டிக்கொண்டு முழிக்கும் அத்தியாயமே அதுதான். பக்தாதில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அப்படித்தான் நடந்தது. வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் கலீஃபாவின் பெயர், நாணயத்தில் கலீஃபாவின் பெயர். படையும் வரியும் தளபதிகளிடம். பிடிக்காத கலீஃபாவை இறக்க அவர்கள் கண்டுபிடித்த வழி கொடூரமானது. பார்வை இல்லாதவர் கலீஃபாவாக இருக்க முடியாது என்று விதி இருக்கிறதல்லவா? கண்ணைப் பறித்தார்கள். விதியை மீறாமலே காரியத்தை முடித்தார்கள். கண்ணாடி போட்டுவிடும் உங்களுக்கு இதை எழுதக் கை கூசுகிறது.

சட்ட அறிஞர்கள் என்ன செய்வார்கள், பாவம்? இப்படிச் சொன்னார்கள்: கலீஃபாவை ஒருவர் தன் பிடிக்குள் வைத்துக்கொண்டாலும் கலீஃபாவின் பதவி போகாது. பிடித்தவர் செய்வதைப் பார்க்க வேண்டும். மார்க்கத்துக்கும் நீதிக்கும் ஒத்திருந்தால் அப்படியே விட்டுவிடலாம். இல்லையென்றால் கலீஃபா வெளியே யாரிடமாவது உதவி கேட்க வேண்டும். எப்படிக் கேட்பார், பிடிக்குள் இருப்பவர்? அதற்குப் பதில் இல்லை. அங்கேதான் நான் பேனாவை மூடிவைத்துவிட்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடக்கிறேன். கீழே சலவைக்காரர் கூரையைத் தட்டுகிறார்.

போன வெள்ளிக்கிழமை கடைக்கு போன் செய்தேன். அத்தாவைக் கூப்பிடச் சொன்னேன். தூங்குகிறார் என்றீர்கள். அதற்கு முந்தைய வாரமும் தூங்கினார். பேசக் கூடாது, சரி. போனைக் காதில் வைத்து என் குரலைக் கேட்கலாமே?

தம்பி


மே 28

தம்பிக்கு,

ஸலாம். எல்லோரும் நலம்.

இத்தாக் காத்திருப்பு முடிந்ததும் எம்ப்ராய்டரிக்காரிக்கு மறுமணம் நடந்துவிட்டது. மாப்பிள்ளை பஸ் கண்டக்டர், மனைவியை இழந்தவர், சாது. அவரும் இரண்டு மாதம் முன்பு நம் கடையில்தான் கண்ணாடி வாங்கினார். இப்போது அவள் பழைய வீட்டைக் காலிசெய்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டாள். மிஷின் சத்தம் இல்லாமல் தெருமுனை வெறிச்சென்று இருக்கிறது.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. செயலாளர் உனக்கு எழுதினாரா?

கடையில் கூட்டம். பிறகு எழுதுகிறேன்.

அக்கா


ஜூன் 9

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமா என்று கேட்பதற்குப் பதிலாக நேராகவே கேட்கிறேன். அத்தாவுக்கு என்ன?

போன கடிதத்தில் அத்தாவைப் பற்றிக் கேட்டதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. கடை போனை யாரும் எடுப்பதில்லை. உங்கள் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாகப் படித்தேன். தொண்டை கட்டியிருக்கிறது என்று பிப்ரவரியில் எழுதினீர்கள். யாருக்கும் நான்கு மாதம் தொண்டை கட்டாது. அதன்பின் எந்தக் கடிதத்திலும் அத்தா ஒரு வார்த்தை பேசவில்லை, யாரையும் திட்டவில்லை, எனக்கு ஒரு ஸலாம்கூடச் சொல்லியனுப்பவில்லை. "அவர் எண்ணத்தை நான் எடுத்துச் சொன்னேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணம் அவருடையதா, உங்களுடையதா?

பேச்சு போன கலீஃபாவைப் பற்றிக் கடையில் யாரும் கேட்கவில்லை, அப்படித்தானே?

வகுப்பில் நின்றுகொண்டு என்ன சொல்கிறேன் என்றே தெரியவில்லை. நேற்று ஒரு மாணவி எழுந்து, இப்போது சொன்னதையே போன வாரமும் சொன்னீர்கள் என்றாள். உண்மையை எழுதுங்கள்.

தம்பி


ஜூன் 28

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ நன்றாக இருக்க வேண்டும். உன்னைக் கலங்கவைத்தேன்.

ஜனவரிக் கடைசியில் அத்தா கடையில் லென்ஸ் அரைத்துக்கொண்டிருந்தபோதே சரிந்துவிட்டார். வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சு இல்லை. எழுதவும் வராது. நான் சொல்வது அவருக்கு எட்டுகிறது என்று சில நாள் தோன்றும், சில நாள் தோன்றாது. மருத்துவமனையில் பார்த்தவர்களிடம் கால் வழுக்கி விழுந்துவிட்டார் என்றும், ஊரில் தொண்டை கட்டியிருக்கிறது என்றும் சொன்னேன். மச்சானுக்கும் மருத்துவருக்கும் மட்டும் தெரியும்.

ஏன் என்று கேட்பாய். தலைவரால் முடியாது என்று தெரிந்த மறுநாளே செயலாளர் அந்த நாற்காலியில் இருப்பார். அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெண்ணின் விண்ணப்பம் அவர் காலடியில் கிடந்திருக்கும். அத்தா விழுவதற்கு இரண்டு நாள் முன்புதான் என்னிடம், "அந்தப் பொண்ணு விஷயத்த இந்தத் தடவை முடிச்சிரணும்" என்றார். என்ன முடிவு என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நிர்வாகிகள் வந்த அன்று அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு, ரத்துசெய்யலாமா அத்தா என்று கேட்டேன். கை அழுத்தியது. அழுத்தியதாகத்தான் எனக்குப் பட்டது. உன் இரண்டாவது கட்சியை நினைத்துக்கொண்டு, சம்மதம் என்கிறார் என்று சத்தமாகச் சொன்னேன்.

இப்போது எல்லாம் வெளியே வந்துவிட்டது. மருத்துவமனையில் வேலை பார்க்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். செயலாளர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. தலைவருக்குப் பேச்சு போன நாளிலிருந்து எடுத்த எந்த முடிவும் செல்லாது என்கிறார். அப்படியென்றால் ரத்தும் செல்லாது. அப்படியென்றால் அவள் இப்போது இருப்பது நிகாஹா, என்ன? கண்டக்டரின் அக்கா தங்கைகள் அவளைத் தனி அறையில் படுக்கச் சொல்லிவிட்டார்களாம். என் கடைக்கு வந்து நின்றாள். "நீங்க சொன்னீங்கன்னுதான் நான் துணிஞ்சேன்" என்றாள். பார்வையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதக் கடைசியில் பொதுக்கூட்டம். மகன் வந்து பொறுப்பேற்றால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று செயலாளர் சொல்லிவருகிறார். நடந்தவற்றை எல்லாம் நீ ஒப்புக்கொண்டு கையெழுத்திடலாமாம், இந்த ரத்து ஒன்றைத் தவிர. உன்னிடம் பேசி முடித்துவிட்டது போலச் சொல்கிறார்.

மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். அவர் உனக்கு எழுதினாரா?

அக்கா


ஜூலை 12

அன்பு அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். உங்கள் கடிதத்தை அறையில் படிக்க முடியவில்லை, தெருவில் நடந்துகொண்டே படித்தேன். இப்போதும் நிற்கவில்லை, உட்காரவில்லை, அலைகிறேன்.

எழுதினார். மார்ச்சில். அத்தா தளர்ந்துவிட்டார், அடுத்த தலைவர் நீங்கள்தான், ஊர் உங்களைத்தான் எதிர்பார்க்கிறது என்று. அக்கா, நான் ஐந்து வருடமாக எழுதும் புத்தகம் எதைப் பற்றி? முதல் நான்கு கலீஃபாக்களில் யாருக்கும் பதவி தந்தையிடமிருந்து வரவில்லை. பிறகு ஒரு தந்தை உயிரோடிருக்கும்போதே மகனுக்காக மக்களிடம் உறுதிமொழி வாங்கினார், அன்றைக்கு எல்லாம் மாறிப்போனது, அதைப் பற்றி. அந்தப் பக்கங்களை எழுதிக்கொண்டிருந்த அதே மேசையில் செயலாளருக்குப் பதில் எழுதினேன். வருகிறேன் என்று எழுதவில்லை. மாட்டேன் என்றும் எழுதவில்லை. "காலம் வரும்போது பார்க்கலாம்" என்று எழுதினேன். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அதனால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

இத்துடன் ஒரு தனித்தாள் வைத்திருக்கிறேன். கூட்டத்தில் படிக்கச் சொல்லுங்கள். மூன்று விஷயம் எழுதியிருக்கிறேன். எனக்கு அந்தப் பதவி வேண்டாம், மகன் என்பது தகுதி அல்ல. இரண்டாவது, தலைமை குறைபட்டுப்போன காலத்தில் ஒரு பேரறிஞர் கேட்டார்: தலைவர் தகுதியற்றவர் என்று அறிவித்தால் நீதிபதிகளின் பதவி போகும், அவர்கள் செய்துவைத்த நிகாஹ்கள் போகும், ஊரே பாவத்தில் வாழ்வதாக ஆகும், இதையா விரும்புகிறீர்கள் என்று. நாற்காலியில் குறை இருந்தால் அதன் தண்டனையை அந்தப் பெண் தலையில் கட்டாதீர்கள். மூன்றாவது, இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்குப் பின் யார் என்று முடிவுசெய்ய வேண்டிய பொறுப்பு வந்தவர் மதீனாவில் வீடு வீடாகக் கேட்டார், திரைக்குப் பின்னாலிருந்த பெண்களிடமும் கேட்டார் என்று வரலாற்றில் குறிப்பு உண்டு. நீங்களும் கேளுங்கள்.

விடுப்பு கேட்டிருக்கிறேன். இன்னும் தரவில்லை. அத்தாவுக்கு என் ஸலாமைக் காதருகே சொல்லுங்கள்.

தம்பி


ஆகஸ்ட் 3

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? அத்தா இரண்டு நாளாகக் கஞ்சி விழுங்குகிறார். உன் ஸலாமைச் சொன்னேன்.

கூட்டம் முடிந்தது. பெண்கள் திரைக்கு இந்தப் பக்கம் நிறையப் பேர் வந்திருந்தோம், இவ்வளவு பேர் வந்து நான் பார்த்ததில்லை. உன் தாளை இமாம் படித்தார். ஆண்கள் பக்கம் தலையாட்டினார்கள் போலிருக்கிறது, முணுமுணுப்பு வந்தது. செயலாளர் எழுந்தார். நன்றாக எழுதியிருக்கிறார், மறுக்கவில்லை என்றார். பிறகு, "ஆனா இங்க நாற்காலியில குறைன்னு இல்ல. நாற்காலியில ஆளே இல்ல. சம்மதம்னு சொன்னது பெரியவரா, அவர் மகளா? அத மட்டும் சொல்லட்டும்" என்றார்.

சரியான கேள்வி, தம்பி. அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எம்ப்ராய்டரிக்காரி எனக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தாள். அழுத்தினார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் பொய் என்று நிரூபிக்க முடியாது. நாக்கு நுனியில் வந்துவிட்டது. என்னால் முடியவில்லை. "கை அழுத்துச்சுன்னு நெனச்சேன். உறுதியா எனக்குத் தெரியாது" என்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அவளை நானே கொண்டுபோய்த் தள்ளிவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் இமாம் பேசினார். உனக்குத் தெரியுமே அவரை, ஜன்னலைத் திறக்கவும் நிர்வாகிகளிடம் அனுமதி கேட்பவர். "ரத்துன்னு சொன்னது என் நாக்கு. சாட்சிகள விசாரிச்சது நான். புருஷன் ஆறு வருஷமா இல்லங்கறது உண்மை. தலைவர்கிட்ட சம்மதம் கேக்குறது நம்ம வழக்கம், அது மார்க்கம் போட்ட நிபந்தனை இல்ல. அன்னிக்கே இதச் சொல்லியிருக்கணும், பயந்துட்டேன். அந்த ரத்து செல்லும். அதுக்கு அல்லாஹ்கிட்ட பதில் சொல்ல வேண்டியவன் நான்" என்றார்.

செயலாளர், இமாம் தம் பொறுப்பில் சொன்னால் தாம் குறுக்கே நிற்கப்போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் அங்கேயே எழுந்து, மனைவியைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டார். கூட்டம் முடியட்டும் என்று சிரித்தார்கள். அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு தலைவர் தேர்வு. நீ எழுதியபடி வாரிசு வேண்டாம், ஊரே கைதூக்கித் தேர்ந்தெடுக்கட்டும் என்று இளைஞர்கள் பிடிவாதமாக நின்றார்கள். தேர்ந்தெடுத்தார்கள். பாதிக்கு மேல் கை செயலாளருக்கு.

ஆமாம், அவருக்குத்தான். அவருக்கும் மற்றவர்களுக்குமாகத் திரைக்கு இந்தப் பக்கமும் கைகள் உயர்ந்தன, என் கையும். அவற்றை யாரும் எண்ணவில்லை. எண்ணியிருந்தாலும் அவரே வந்திருக்கலாம், அது வேறு. மறுநாள் நாங்கள் சிலர் கடையில் கூடி, அடுத்த கூட்டத்திலிருந்து எங்கள் கைகளையும் எண்ண வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். புதிய தலைவர் வாங்கிப் படித்தார். "யோசிக்கிறேன்" என்றார். எம்ப்ராய்டரிக்காரியும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். என்னோடு இன்னும் பேசுவதில்லை.

நான் செய்தது சரியா, தவறா? உன் புத்தகத்தில் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் சும்மா வா.

அக்கா


ஆகஸ்ட் 21

அன்பு அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். அத்தா விழுங்குகிறார் என்று படித்ததும் அன்றைக்கு நானும் வயிறாரச் சாப்பிட்டேன்.

விடுப்பு கிடைத்துவிட்டது. டிக்கெட் எடுத்துவிட்டேன். செப்டம்பர் முதல் வாரம் வருவேன்.

சரியா, தவறா என்று கேட்டீர்கள். புத்தகத்தில் தேடினேன். கலீஃபாக்களைப் பிடிக்குள் வைத்திருந்தவர்கள் எல்லோரும் நாட்டின் நன்மைக்காகவே என்றுதான் சொன்னார்கள். அவர்களில் ஒருவராவது சபை நடுவில் எழுந்து எனக்கு உறுதியாகத் தெரியாது என்று சொன்னதாக நான் படித்ததில்லை. இதற்குமேல் எனக்குத் தெரியவில்லை, அக்கா.

ஆனால் ஒன்றை எழுதாமல் விட்டால் மறுபடி பழைய கதைதான். செயலாளரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற வரியைப் படித்தபோது எனக்குள் முதலில் எழுந்தது பொறாமை. அந்தத் தாளை எழுதி உறையில் போட்டபோதே, கூட்டம் அதைப் படித்து நெகிழ்ந்து, இப்படிப்பட்டவர்தான் வேண்டும் என்று என்னையே கூப்பிடும் என்று எனக்குள் எவனோ காத்திருந்திருக்கிறான். வேண்டாம் என்று எழுதிய கையே அதற்கும் காத்திருந்தது. மக்கள் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஐந்து வருடம் எழுதியவனுக்கு, அவர்கள் வேறொருவரைத் தேர்ந்தெடுத்த அன்று தூக்கம் வரவில்லை. இதைப் புத்தகத்தில் எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. சேர்க்காமல் முடிக்கவும் முடியாது.

நான் வருவதைப் பள்ளிவாசலில் சொல்ல வேண்டாம். ஸ்டேஷனுக்கு யாரையும் கூட்டி வராதீர்கள். செயலாளரை, இல்லை, தலைவரை நானே போய்ப் பார்த்து ஸலாம் சொல்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கும், போவேன்.

கல்லூரிக்கு எப்போது திரும்புவேன் என்று கேட்டார்கள். சொல்லவில்லை. அத்தாவைக் குளிப்பாட்டவும் புரட்டிப் படுக்கவைக்கவும் எனக்குச் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் நிம்மதியாகக் கடைக்குப் போங்கள்.

தம்பி